பெட்டி வாய் மூடிய பின் சொன்ன விலை

கணக்காய்வுப் பிரிவிலிருந்து வந்த வினாவுக்கு நான் எழுதியிருக்கும் பதில் ஒன்பது வரி. அது இப்படி இருக்கிறது:

1. கீரிக் கடற்கரை மீன் ஏலக் கொட்டகைக்குக் கூரை போடுவதற்கு விலைமனு கோரப்பட்டது. விவரக்குறிப்பைத் தயாரித்தவர்: தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

2. மூன்று விலைமனுக்கள் கிடைத்தன. பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியின் வாய் மூடப்பட்டது. உடனேயே எல்லோர் முன்னிலையிலும் பெட்டி திறக்கப்பட்டு விலைகள் வாசிக்கப்பட்டன.

3. வாசித்து முடிந்ததும், இரண்டாவது குறைந்த விலையைக் கொடுத்தவர் வாய்மொழியாகத் தன் விலையைக் குறைத்தார்.

4. அடுத்த நாள் அந்தக் குறைப்புக்கான கடிதம் ஒன்று கோப்பில் காணப்பட்டது. அதில் முதல் நாள் திகதியும் காலை நேரமும் இடப்பட்டிருந்தன.

5. மதிப்பீட்டின்போது விவரக்குறிப்பில் ஒரு குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது.

6. மூன்று விலைமனுக்களும் நிராகரிக்கப்பட்டு, திருத்திய விவரக்குறிப்புடன் மீண்டும் விலைமனு கோரப்பட்டது.

7. முதல் தடவை வாசிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையைவிடக் கூடிய விலைக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது.

8. ஆண்டு முடிவதற்குள் பாதி வேலையே முடிந்தது. மீதிப் பணம் திறைசேரிக்குத் திரும்பியது.

9. ஐந்தாம் இலக்கத்திலுள்ள குறைபாட்டுக்குப் பொறுப்பானவர் முதலாம் இலக்கத்தில் குறிப்பிடப்பட்டவரே.

முதலாம் இலக்கத்தில் இருப்பவள் நான்.

இந்த ஒன்பதும் உண்மை. ஆனால் அரச கடிதத்தில் இடமில்லாத சில விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதுகிறேன். கந்தோரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தேவையில்லை.

நான் கீரியில் பிறந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு மன்னார் நகரத்தில் ஒரு அரச கந்தோரில் சேர்ந்தேன். இது மூன்றாவது வருடம். மூன்று வருடமும் தகுதிகாண் காலம். அது முடிய, கந்தோர்த் தலைவர் சிபாரிசு எழுதினால்தான் நியமனம் நிரந்தரமாகும். அம்மா விடியற்காலையில் கீரிக் கரையில் மீன் வாங்கி நகரத்துச் சந்தையில் விற்கிறார். அம்மாவோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள். நாலு கம்பில் கட்டிய நீலத் தரப்பாளின் கீழேதான் அவர்கள் இருப்பார்கள். கோடையில் அது வெயிலைத் தடுக்கும். மாரியில் ஒன்றையும் தடுக்காது. கார்த்திகை, மார்கழி முழுவதும் அம்மாவின் கால்விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகவே இருக்கும். கூரைக்குப் பணம் வந்திருக்கிறது என்று நான் வீட்டில் சொன்ன அன்று அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: மாரிக்கு முதலா, பிறகா?

முதல் என்றேன்.

விலைமனுக்களை மதிப்பிடும் குழுவில் என்னைப் போட்டபோது, அம்மா அந்தக் கரையில் மீன் வாங்குபவர் என்று எழுத்தில் அறிவித்தேன். அரச வேலைகளுக்கு விலை கோருவதற்கான பெறுகை வழிகாட்டியின் விதி அப்படி. தலைவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "கீரியில ஆரும் சொந்தம் இல்லாத ஆளை இந்தத் தீவில நான் எங்க தேடுறது? வைச்சிட்டுப் போம்," என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விலைமனு திறந்த நாள் ஒக்டோபர் மாத நடுப்பகுதி. மழை இன்னும் வரவில்லை, ஆனால் புழுக்கம் வந்துவிட்டது. கூட்ட அறையில் ஒரு மின்விசிறி. கதவருகே, விறாந்தை நிழலில் ஒரு கழுதை நின்றது. யாரும் அதை விரட்டவில்லை. இரண்டு மணிக்குக் கணக்காளர் பெட்டியின் வாயில் கடதாசி ஒட்டிக் கையெழுத்து வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். கணக்காளர் முசலிப் பக்கத்து மனிதர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சுக் குறைவு. பச்சை மைப் பேனை ஒன்றைத்தான் எப்போதும் பாவிப்பார்.

மூன்று உறைகள். முதலாவது வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு கொம்பனி. அதன் ஆள் சப்பாத்துக் காலோடு முன் கதிரையில் இருந்தார். இரண்டாவது கீரி வீதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணை. மூன்றாவதாக விலை கொடுத்தவர் ஆளனுப்பவில்லை. கணக்காளர் விலைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கொம்பனிதான் குறைவு. பட்டறை அண்ணையின் விலை அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்றாவது வெகு தூரத்தில் நின்றது.

வாசித்து முடித்துக் கணக்காளர் கண்ணாடியைக் கழற்றும்போது, பட்டறை அண்ணை கையை உயர்த்தினார்.

"அப்ப நான் அதில நாப்பது குறைச்சு வாறன்."

நாற்பது என்றால் நாற்பதாயிரம். கொம்பனியின் விலைக்கும் கீழே நாற்பதாயிரம் என்பது அவர் கணக்கு. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணை, இது சூடை மீன் இல்லை," என்றார் பின்னால் இருந்த எழுதுவினைஞர். அண்ணை சிரிக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை. கொம்பனி ஆளின் முகத்தைப் பார்த்தபடி, அவருடைய முறைக்காகக் காத்திருப்பவரைப் போல இருந்தார். கொம்பனி ஆள் என்னைப் பார்த்தார். நான் கணக்காளரைப் பார்த்தேன். கணக்காளரின் பச்சைப் பேனை கடதாசிக்கு மேலே அசையாமல் நின்றது. அதை எழுதுவதா விடுவதா என்று அவர் யோசித்த அந்த நேரத்தில், தலைவர் எழுந்து, அண்ணையின் தோளில் கை வைத்து, வெளியில் போய்க் கதைப்போம் என்று கூட்டிக்கொண்டு போனார்.

கூட்ட அறிக்கையில் அது எழுதப்படவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை. இது என்னுடைய முதலாவது பிழை என்று நினைத்திருந்தேன். முதலாவது பிழை அதற்கு ஒரு மாதம் முன்பே நடந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை கோப்பைத் திறந்தேன். பட்டறை அண்ணையின் விலைமனுவுக்குப் பின்னால் ஒரு கடிதம் குத்தப்பட்டிருந்தது. கொம்பனியின் விலைக்கு நாற்பதாயிரம் கீழே வரும் அளவுக்குத் தன் விலையைக் குறைப்பதாக நாலு வரி. கீழே அவருடைய கையெழுத்து. மேலே முதல் நாள் திகதி, நேரம் காலை பத்தரை. கடிதம் ஒரு பேனையில், திகதி வேறொரு பேனையில்.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் மதிப்பீட்டு அறிக்கை தட்டச்சாகித் தயாராக இருந்தது. பட்டறை அண்ணையின் விலை, குறைப்போடு சேர்த்து, மிகக் குறைந்த விலையாகக் காட்டப்பட்டிருந்தது. என் பெயருக்கு மேலே கையெழுத்து வைக்கப் புள்ளிக்கோடு. இருக்கச் சொன்னார். இருந்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். கொம்பனியின் தகட்டைவிட இவரின் தகடு திறம் என்பது மாதிரித் துண்டைக் கையில் எடுத்தாலே தெரியும் என்றார். இவர் இங்கத்தைய ஆள், கூரையில் ஒரு ஆணி கழன்றால் மறுநாள் வந்து நிற்பார் என்றார். இப்போது விலையும் குறைவு. மாரி வர மூன்று கிழமை.

"பெறுகை வழிகாட்டியில முதல் பக்கத்திலயே என்ன இருக்கு? பணத்துக்கேற்ற பெறுமதி. இதுக்கு மேல பெறுமதி எங்க கிடக்கு, சொல்லும் பாப்பம்."

அவர் சொன்ன நாலு காரணங்களில் மூன்று சரி. மிச்சமான ஒன்று, அந்தக் குறைந்த விலை, பெட்டிக்குள் இருக்கவில்லை. கரையில் தரப்பாளின் கீழே இருப்பவர் என் அம்மா. அந்தப் புள்ளிக்கோட்டில் கையெழுத்து வைத்தால் மூன்று கிழமையில் கூரை. பேனை என் கையில்தான் இருந்தது. மாதிரித் துண்டுகளை ஒருக்கா அளந்து பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அளவும். அளக்கிறது நல்லதுதானே," என்றார்.

அளப்பேன் என்று சொன்னது உண்மையில் ஒரு நாள் அவகாசம் வாங்கத்தான். ஆனால் சொன்னதால் அளந்தேன்.

என் மேசை லாச்சியில் படிக்கும் காலத்தில் வாங்கிய மைக்ரோமீற்றர் இருக்கிறது. விலைமனுக்களோடு வந்த உள்ளங்கை அளவான தகட்டுத் துண்டுகளை எடுத்தேன். நான் எழுதிய விவரக்குறிப்பு கேட்டது 0.47 மில்லிமீற்றர் தடிப்பு. கொம்பனியின் துண்டு சரியாக 0.47. பட்டறை அண்ணையுடையது 0.52. நாங்கள் கேட்டதைவிடத் தடித்த தகட்டை அவர் தருகிறார் என்றால் ஏன்? பிளேட்டால் இரண்டிலும் ஒரு ஓரத்தில் பெயின்றையும் முலாமையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். அண்ணையின் வெறும் இரும்பு 0.47. கொம்பனியின் வெறும் இரும்பு 0.42.

இரண்டு பேரும் நான் எழுதியதை வாசித்திருக்கிறார்கள். ஒருவர் இரும்பின் தடிப்பு என்று எடுத்தார், மற்றவர் பூச்சோடு சேர்த்து மொத்தத் தடிப்பு என்று எடுத்தார். இரண்டில் எது என்று நான் எழுதவில்லை. முலாம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. திருகாணி எந்த உலோகம் என்றும் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. கந்தோர் அலுமாரியில் நறுவிலிக்குளம் நெல் களஞ்சியக் கோப்பு இருந்தது. அந்தக் கூரை நல்ல கூரை. போட்டுப் பல வருடமாகியும் ஒழுகவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் விவரக்குறிப்பைத்தான் நான் எடுத்து, நீள அகலத்தை மாற்றி, கீரிக்கென்று கொடுத்திருந்தேன். நறுவிலிக்குளம் பெருநிலத்தில் வயலுக்கு நடுவே இருக்கிறது. அங்கே வீசும் காற்றில் உப்பில்லை. கீரிக் கரையில் வளர்ந்தவள், அம்மாவின் சைக்கிள் செயினை மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெயில் ஊறப்போட்டவள், வயல் நடுவே நிற்கும் கூரையைக் கடலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் கீரிக்கு வந்ததும் வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனேன். அங்கே கைவிட்ட ஒரு ஐஸ் அறை இருக்கிறது. அதன் கூரைத் தகடும் கொம்பனியின் தகடு போன்றதுதான். தாழ்வாரத் தகட்டில் பேனை முனையை வைத்து அழுத்தினேன். பேனை மறுபக்கம் வந்தது.

இப்போது என் முன்னால் இருந்த வழிகளை ஒரு தாளில் எழுதினேன். ஒன்று: அறிக்கையில் கையெழுத்து வைப்பது. நல்ல தகடு, குறைந்த விலை, மாரிக்கு முன் கூரை. கடிதத்தின் திகதி பொய். என் விவரக்குறிப்பின் பிழையை யாரும் அறியப்போவதில்லை. இரண்டு: பெட்டிக்குள் இருந்தபடி மிகக் குறைந்த விலையான கொம்பனிக்குக் கொடுப்பது. விதிப்படி குறை சொல்ல முடியாது, நான் எழுதியதை அவர்கள் தருகிறார்கள். மாரிக்கு முன் கூரை. சில மாரிகளில் பேனை போகும் கூரை. மூன்று: எல்லாவற்றையும் நிராகரித்து, விவரக்குறிப்பைத் திருத்தி, மீண்டும் கோருவது. மாரிக்கு முன் கூரை இல்லை. டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்குள் வேலை முடியாவிட்டால் மிச்சப் பணமும் இல்லை. பிழை யாருடையது என்று எழுதியே ஆக வேண்டும்.

மூன்றாவதற்குப் பக்கத்தில் 'அம்மா' என்று எழுதிவிட்டு, பிறகு அதை வெட்டினேன்.

மறுநாள் தலைவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். அதனால் இன்னொரு நாள் கிடைத்தது. அடுத்த நாள் சனிக்கிழமை. விடிய அம்மாவோடு கரைக்குப் போனேன். பெரும்பாலும் நான் போவதில்லை. முதல் மழை அன்றைக்கே வந்துவிட்டது. பெரிய மழை இல்லை, தரப்பாளின் நடுவில் தண்ணீர் தேங்கி வயிறு வைக்கும் அளவுக்கு. ஒரு பெண் கம்பால் அதைக் குத்தி உயர்த்த, தண்ணீர் முழுவதும் இன்னொருத்தியின் முதுகில் கொட்டியது. அதற்கு ஒரு வசவு, வசவுக்கு ஒரு சிரிப்பு. ஒருவர் என்னைக் காட்டி, கூரை போடுற இஞ்சினியர் வந்திருக்கிறா, நனையாமல் நடுவில் விடுங்கோ என்றார். அம்மா கூடையைத் தள்ளி இடம் விட்டார்.

மீனை அங்கே கூறித்தான் விற்பார்கள். கூறுபவர் கூடைக்குப் பக்கத்தில் நின்று விலையைச் சொல்லுவார். வாங்குபவர்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள். எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தாலும் விலை முடிந்ததாகக் கணக்கில்லை. கூறுபவர் கூடையைக் காலால் வாங்குபவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கவனித்தேன். பட்டறை போடுவதற்கு முன் அந்த அண்ணை பல வருடம் இதே கரையில் கூறியவர். கூட்ட அறையில் கையை உயர்த்திக்கொண்டு இருந்தபோது அவர் குறுக்கு வழி எதுவும் தேடவில்லை. விலைகளை வாசித்ததும் ஏலம் தொடங்கியதென்று நினைத்திருக்கிறார்.

அவர் அங்கே வந்தது எதிர்பாராததல்ல. படகு இயந்திரத்துக்குத் தண்டு ஒட்டுவதற்காக வந்திருந்தார். என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

"தங்கச்சி, நீ கையெழுத்து வைக்கேல்லையாம்."

"இல்லை அண்ணை."

"என்ர தகரம் திறம் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். அளந்தனான்."

"அப்ப? விலையும் குறைச்சாச்சு. பிறகென்ன, நான் களவெடுத்தனானோ?" குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த பெண்களின் பேச்சு நின்றுவிட்டது. அம்மா மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"களவில்லை. நேரம் பிந்திட்டுது," என்றேன். "கூடையைத் தள்ளினாப் பிறகு ஒராள் வந்து நூறு ரூபா கூடத் தாறன் எண்டால் குடுப்பியளோ?"

"அதெப்பிடிக் குடுக்கிறது?"

"ஏன் குடுக்கேலாது? நூறு ரூபா கூடத்தானே."

"குடுத்தால் நாளைக்கு ஒருத்தரும் முதலில விலை சொல்லாயினம். எல்லாரும் பிறகு வருவம் எண்டு நிப்பினம்."

"பெட்டியும் அப்பிடித்தான் அண்ணை. அடுத்த முறை எல்லாரும் கூட்டி எழுதிப்போட்டு, மற்றவன்ர விலையைக் கேக்க வந்து இருப்பினம்."

"இஞ்ச கூடை எப்ப தள்ளினது? நான் காணேல்லையே."

"ரெண்டு மணிக்கு. பெட்டி வாயில கடதாசி ஒட்டேக்க."

"அது எனக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மை. விதி எங்கள் கடதாசியில் எட்டாம் பக்கத்தில், யாருக்கும் விளங்காத தமிழில் இருந்தது. அவர் மண்ணில் ஈரக் காலைத் தேய்த்துக்கொண்டு, போகத் திரும்பினார். பிறகு நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கடிதத்தில திகதி நான் போடேல்லை. வெறுமையா விட்டுக் குடுக்கச் சொன்னவை."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதனால்தான் நாலாவது வரியில் 'இடப்பட்டிருந்தன' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுத மாட்டேன்.

சந்தைக்குப் போகும் வழியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பிக் கோரினால் இந்த மாரிக்குக் கூரை வராது என்பதையும் சொன்னேன். அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "பிழை உன்ரயோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப சொல்லு," என்றார். பிறகு சைக்கிளை எனக்கு முன்னால் வேகமாக உருட்டிக்கொண்டு போனார். அவருக்குக் கோபம் என்று எனக்குத் தெரியும். கூரை தள்ளிப்போவதிலா, என் பிழையிலா என்று தெரியாது.

திங்கட்கிழமை காலை மதிப்பீட்டுக் குழு கூடியது. குழுவில் நான், கணக்காளர், வேறொரு திணைக்களத்திலிருந்து வரும் பொறியியலாளர். பொறியியலாளர் இரவல் ஆள். கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்பார். தலைவர் இந்தக் குழுவில் இல்லை. ஆனால் அன்று வந்து உட்கார்ந்தார். தட்டச்சான அறிக்கையை என் முன்னால் வைத்தார். நான் அதற்குப் பக்கத்தில் என் ஒரு பக்கத்தை வைத்தேன். மூன்று விடயம் எழுதியிருந்தேன். பெட்டி மூடிய பின் சொன்ன விலையைக் கணக்கில் எடுக்க முடியாது. விவரக்குறிப்பு இரண்டு விதமாக வாசிக்கக்கூடியது, அதை எழுதியது நான், கடற்கரைக்கு அது பொருந்தாது. ஆகவே மூன்றையும் நிராகரித்துத் திருத்தி மீண்டும் கோர வேண்டும். மாதிரித் துண்டுகளின் அளவுகளையும் சுரண்டிய துண்டுகளையும் கூட வைத்தேன்.

தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"உம்மட பிழையை நீரே எழுதித் தாறீர்."

"ஓம் சேர்."

"உம்மட நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு எழுதுறது ஆர் எண்டு தெரியும்தானே?"

அவர் மிரட்டும் குரலில் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். தெரியும் சேர் என்றேன். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"மழை வந்திட்டுது. கரையில இருக்கிற சனத்துக்கு நீர் என்ன சொல்லப் போறீர்?"

"அம்மாட்டச் சனிக்கிழமை சொல்லிட்டன் சேர். மற்றவைக்கும் நானே சொல்லுவன்."

கணக்காளர் என் பக்கத்தை இழுத்து வைத்து, மூலையிலிருந்து மூலை வரை பார்த்தார். பச்சைப் பேனையைத் திறந்தார்.

"மிஸ், இதில நான் கையெழுத்துப் போட இடமே விடேல்லையே," என்றார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு போட்டார். பிறகு தாளைத் தலைவர் பக்கம் தள்ளாமல் பொறியியலாளர் பக்கம் தள்ளினார். பொறியியலாளர் வழக்கம்போல எங்கே என்று கேட்டார். காட்டினோம்.

தலைவர் தன் அறிக்கையை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கதவருகே நின்று, கடைசி முடிவு எடுக்கும் பெறுகைக் குழுவுக்கு அதை அனுப்புங்கோ என்றார். அன்றிலிருந்து என்னோடு வேலை தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. இன்றுவரை அப்படித்தான்.

பெறுகைக் குழு எங்கள் முடிவை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது தடவை கோரியபோது விவரக்குறிப்பைப் பழைய கோப்பு எதையும் பார்க்காமல் நானே எழுதினேன். அடித்தகட்டின் தடிப்பு, பூச்சில்லாமல். முலாமின் கனம். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி. அறிவித்தலின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒரு வரி: பெட்டியின் வாய் மூடிய பிறகு யாரும் விலையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அந்த வரி வழிகாட்டியில் வேறு விதமாக இருக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்தார். அதையும் பின்னால் சேர்த்தேன்.

நாலு உறைகள் வந்தன. கொம்பனியும் வந்தது. அதே ஆள், அதே சப்பாத்து. பட்டறை அண்ணை காலையிலேயே வந்து உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு, கழுதை நிற்கும் விறாந்தையில் இருந்தார். பெட்டியின் வாயில் கடதாசி ஒட்டியதும் எழுந்து உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். விலைகளை வாசிக்கும்போது இரண்டு கைகளையும் தொடைகளின் கீழே வைத்துக்கொண்டார். தன்னுடையதுதான் குறைவு என்று கேட்டபோதும் அவற்றை எடுக்கவில்லை. கொம்பனி, கேட்ட தகட்டுக்கு விலை போட்டபோது, அவரைவிட மேலே போய்விட்டது. ஆனால் அவருடைய விலையும் முதல் தடவை கொம்பனி சொன்ன விலையைவிடக் கூட. அவர் வாயால் குறைத்த விலையைவிட இன்னும் கூட. கணக்காய்வு கேட்பது இதைத்தான்: குறைந்த விலை கையில் இருக்க, அதைவிடக் கூடிய விலைக்கு ஏன் போனீர்கள்?

ஒரு மாரிக்கு இரண்டு தகடுகளும் ஒன்று. பல மாரிகளுக்கு ஒன்றல்ல. இதை நான் தனித்தாளில் விளக்கி, சுரண்டிய துண்டுகளை ஒரு உறையில் போட்டு, பதிலோடு இணைத்திருக்கிறேன். பேனை போன ஐஸ் அறைத் தகட்டின் படத்தையும்.

வேலை நவம்பர் கடைசியில் தொடங்கியது. மழைக்குள் கொங்கிறீற்று இறுக நாள் எடுத்தது. தூண்கள் எட்டும் நின்ற பிறகு கடல் பொங்கி ஒரு கிழமை லொறி கரைக்கு வர முடியவில்லை. அண்ணை மகன்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து டிசம்பர் இருபத்துநாலு, நத்தாருக்கு முதல் நாள்வரை வேலை செய்தார். படகுகள் வந்து ஒதுங்கும் வடக்குப் பக்கத்திலிருந்துதான் தகடு ஏற்றத் தொடங்கினார்கள். காற்று அந்தப் பக்கமாக அடிப்பதால் வேறு வழி இல்லை. டிசம்பர் முப்பத்தோராம் திகதி வந்தபோது வடக்குப் பாதி முடிந்திருந்தது. முடிந்ததை நான் அளந்து சான்றிதழ் எழுதினேன். முடியாததற்கு எழுதவில்லை. முடிந்ததாக ஒரு வரி எழுதினால் பணம் திரும்பிப் போகாது, வேலையை ஜனவரியில் செய்யலாம் என்று கந்தோரில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். அதில் ஒருவர் அம்மாவிடம் மீன் வாங்குபவர்.

கணக்காளர் போன கிழமை என் மேசைக்கு வந்து நின்றார். ஒன்பதாவது வரி தேவையில்லை, அவர்கள் அதைக் கேட்கவில்லை என்றார். நான் வைத்திருக்கிறேன் என்றேன். நாலாவது வரியைக் கொஞ்சம் மென்மையாக எழுதலாமா என்று தலைவர் கேட்டதாகவும் சொன்னார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் கேட்டதைச் சொன்னன், மிஸ். நினைக்கிறதைக் கேட்டால் அதை வெட்டவேண்டாம் எண்டுதான் சொல்லுவன்," என்றார். வெட்டவில்லை.

இன்றைய நிலை: எட்டுத் தூண்களும் நிற்கின்றன. வடக்குப் பாதிக்குக் கூரை இருக்கிறது, ஒழுகவில்லை. தெற்குப் பாதிக்கான பணம் இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் கேட்கப்பட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை. அம்மாவும் மற்றப் பெண்களும் இருப்பது தெற்குப் பக்கம். அங்கே தூண்களில் பழைய தரப்பாளைக் கட்டியிருக்கிறார்கள். என் பதில் தலைவரின் மேசையில் மூன்று கிழமையாக இருக்கிறது. அவர் கையெழுத்து வைத்தால்தான் அது வெளியே போகும். என் நியமனத்துக்கான சிபாரிசுப் படிவமும் அதே மேசையில்தான் இருக்கிறது.